வெறுங்கால் வேண்டுதல்

உட்கார்ந்து வேலை பார்க்கத் தெரியாத ஆள் நான். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தேன். கண்டக்டருக்கென்று ஒரு சீட் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. அதில் யாராவது கைக்குழந்தையோடு உட்கார்ந்திருப்பார்கள், இல்லாவிட்டால் என் சாப்பாட்டுப் பை உட்கார்ந்திருக்கும். நான் நிற்பேன். திருவண்ணாமலையில் விசில் அடித்தால் போளூர், கண்ணமங்கலம், வேலூர் வரைக்கும் நிற்பேன். கம்பியைப் பிடிக்க மாட்டேன். ஒரு கையில் டிக்கெட் கட்டு, இன்னொரு கையில் சில்லறை, கம்பியை எந்தக் கையால் பிடிப்பது? வலது காலை முன்னால் அகட்டி ஊன்றி, இடுப்பைச் சீட்டின் முதுகில் லேசாகச் சாய்த்துக்கொண்டால் போதும். டிரைவர் எப்பேர்ப்பட்ட பிரேக் போட்டாலும் மற்றவர்கள் முன்னால் போய் முட்டிக்கொள்வார்கள், நான் நின்ற இடத்தில் நின்று மீதிச் சில்லறையை நீட்டுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

வீட்டிலும் அதே கதைதான். வேங்கிக்காலில் வாடகை வீடு, வேலூர் ரோட்டை ஒட்டி. அடுக்களை வாசலில் காலை அகட்டிக்கொண்டு நின்றுதான் காப்பி குடிப்பேன். "இது பஸ் இல்லைங்க, யாரும் பிரேக் போட மாட்டாங்க. நகருங்க, நான் உள்ள போகணும்" என்பாள் என் வீட்டுக்காரி. பேச்சில் அவளை மிஞ்ச முடியாது.

எங்கள் ஊர் தனி மாவட்டம் ஆன வருஷம் டிப்போவில் எல்லாருக்கும் உடம்பைப் பரிசோதித்தார்கள். எனக்குச் சக்கரை ஜாஸ்தி என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் போட்டேன். அப்புறம், டீயில் சக்கரை கம்மி என்று சொல்லிக் குடிப்பதே வைத்தியம் என்று ஆக்கிக்கொண்டேன். கல்யாண வீடுகளில் இலையில் ஜாங்கிரி விழுந்தால் என் வீட்டுக்காரி பக்கத்து இலையிலிருந்து கை நீட்டி எடுத்துக்கொள்வாள். "சக்கரை வந்தது உங்களுக்குத்தானே, எனக்கா? உங்க பங்கு வீணாப் போகக் கூடாதில்ல" என்பாள். நானும் சிரித்துக்கொண்டே நகர்த்திக் கொடுப்பேன்.

சில வருஷம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு பாதத்தில் ஒரு மதமதப்பு வந்தது, பஞ்சை மிதிக்கிற மாதிரி. நாள் பூராவும் நிற்கிறோம், மதமதக்காமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் சாயங்காலம் டூட்டி முடித்துப் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரைக்கும் நடந்தே வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தால் ஒரு காலில்தான் செருப்பு இருக்கிறது. இன்னொன்று எங்கே கழன்றது, எவ்வளவு தூரம் வெறுங்காலில் வந்தேன், ஒன்றும் தெரியாது. என் வீட்டுக்காரி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "டிக்கெட் எடுக்காம எறங்கிப் போயிருக்கும்" என்றாள். பழிக்குப் பழி மாதிரி, சில மாசம் கழித்து அவளும் மார்க்கெட்டிலிருந்து ஒற்றைச் செருப்போடு வந்து நின்றாள். கூட்டத்தில் எவளோ மிதித்து இழுத்துவிட்டாள் என்று சாதித்தாள். அன்றைக்கு நான் சிரித்தேன். கணக்குத் தீர்ந்தது.

என் திமிருக்கு அடி விழுந்தது பஸ்ஸில்தான். சாதாரண வளைவில்கூட உடம்பு ஆட ஆரம்பித்தது. கீழே தரை இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தால்தான் நிற்க முடிகிறது. இருட்டினால் இன்னும் மோசம். குளிக்கும்போது முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினேன், அப்படியே தண்ணீர் டிரம்மின் மேல் சாய்ந்துவிட்டேன். பஸ்ஸிலாவது கம்பியைப் பிடித்துக்கொள்ளலாம் அல்லவா? மாட்டேன். ஒரு நாள் போளூர் தாண்டி ஒரு வளைவில், ஜன்னலோரம் இருந்த ஆள் மடியில் போய் விழுந்தேன். பின் சீட்டிலிருந்து ஒருவன், "கண்டக்டரு காலங்காத்தாலயே போட்டுட்டாரு போல" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் விசில் அடித்து பஸ்ஸை நிறுத்தி, அவன் மூக்குக்கு நேராகப் போய் ஊதிக் காட்டினேன். பாக்கு வாசனைதான் வந்திருக்கும். பஸ்ஸே சிரித்தது. குடிக்காதவனைக் குடிகாரன் என்று சொன்ன வலி மட்டும் வேலூர் வரைக்கும் போகவில்லை.

வலது பாதத்தில், கட்டை விரலுக்குக் கீழே, நான் ஊன்றி நிற்கிற அதே இடத்தில் ஒரு காய்ப்பு இருந்தது. கால் ஆணி என்று நினைத்து வாரம் ஒரு தடவை பாதி பிளேடால் சீவி எறிவேன். முதலில் சுருக்கென்று இருக்கும். போகப்போக எவ்வளவு ஆழம் சீவினாலும் வலிக்கவில்லை. கை தேர்ந்துவிட்டது என்று நினைத்தேன், வேறென்ன நினைக்க?

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரி கூடத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். துடைத்த இடத்தில் மறுபடியும் திட்டுத் திட்டாக ஈரம். யார் எதை மிதித்துவிட்டு வந்தது என்று திட்டிக்கொண்டே அந்தத் திட்டுகளைப் பிடித்து வந்தவள், ஜன்னலோரம் நின்று பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் காலடியில் வந்து நின்றாள். துணியைப் போட்டுவிட்டு என் காலைத் தூக்கிப் பார்த்தாள். நான் ஒற்றைக் காலில் ஆடி விழப் போனேன். காய்ப்பு இருந்த இடத்தில் குழி விழுந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. அவள் பேசாமல் இருந்ததைப் பார்த்துத்தான் எனக்குப் பயமே வந்தது.

வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் காலுக்கென்றே தனியாக ஒரு பிரிவு இருந்தது. எங்கள் பஸ்ஸிலேயே போனோம், நான் முதல் தடவையாகப் பயணி மாதிரி சீட்டில் உட்கார்ந்து. அங்கே ஒரு டாக்டரம்மா புண்ணைக் கழுவிப் பார்த்தாள். அப்புறம் ஒரு பிடியில் சொருகிய நைலான் நரம்பு ஒன்றை எடுத்தாள், தூண்டில் நரம்பு மாதிரி. அதன் நுனியைப் பாதத்தில் வைத்து, அது வளைகிற வரைக்கும் அழுத்துவாளாம். நான் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், தொட்டதும் ஆமாம் என்று சொல்ல வேண்டும். மூடினேன். காத்திருந்தேன். ஃபேன் சத்தம் கேட்கிறது, வெளியே யாரோ டோக்கன் கூப்பிடுகிறார்கள், இந்த அம்மா மட்டும் தொட மாட்டேன் என்கிறாள். பொறுமை என்பது எனக்கு எந்தக் காலத்தில் இருந்தது?

"டாக்டரம்மா, எப்பங்க ஆரம்பிப்பீங்க? எனக்கு வண்டிக்கு நேரமாச்சு" என்றேன்.

"முடிஞ்சிடுச்சுங்க. ரெண்டு பாதத்திலயும் எல்லா இடமும் தொட்டாச்சு" என்றாள்.

கண்ணைத் திறந்தால் என் வீட்டுக்காரி என்னைப் பார்க்காமல் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா நிதானமாகச் சொன்னாள். வலி என்பது காவல்காரன், அவன் வேலையை விட்டுப் போய்விட்டான். இனிமேல் கல்லோ முள்ளோ சூடோ காலுக்குத் தெரியாது, கண்தான் பார்க்க வேண்டும். தினமும் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். புண் எலும்புக்குப் பக்கத்தில் இருக்கிறது, இந்தத் தடவை காப்பாற்றிவிடலாம். அதே இடத்தில் மறுபடியும் வந்தால் முட்டிக்குக் கீழே காலையே எடுக்க வேண்டியிருக்கும். நின்றே பிழைத்தவனிடம் அந்த வார்த்தையைச் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது, கோபம் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

புண்ணில் பாரம் விழாமல் இருக்கக் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு, ஊன்றக் கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் உடம்பெல்லாம் பரபரக்கிறது. வேலூர் பஸ் எல்லாம் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். என் வண்டியின் ஹாரன் எனக்குத் தெரியும். என் இடத்தில் ஏறிய புதுப் பையன் அடிக்கிற விசிலும் கேட்கும், வீட்டுக்கு நேரே வரும்போது வேண்டுமென்றே நீட்டி அடிப்பான், எனக்குச் சலாம் போடுகிறானாம். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் எழுந்துவிடுவேன். "ஒக்காருங்க" என்று உள்ளேயிருந்து குரல் வரும். என்னைப் பார்க்காமலே அவளுக்குத் தெரியும். நாற்காலி கிரீச்சிடும் சத்தத்தைப் பிடித்து வைத்திருந்தாள். பேப்பரைப் படித்தேன், விளம்பரத்தைப் படித்தேன், மளிகை கட்டி வந்த காகிதத்தைப் படித்தேன். எதிர் வீட்டுக்காரன் சைக்கிளை எப்படி நிறுத்த வேண்டும் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தி அவனோடும் சண்டை.

அந்த நாட்களில்தான் அவள் வேண்டிக்கொண்டிருக்கிறாள். எனக்குத் தெரியாது. மாவுக்கட்டைப் பிரித்து, புண் மூடிவிட்டது என்று டாக்டரம்மா சொன்ன அன்றைக்குத் திரும்பி வரும் வழியில் சொன்னாள். என் கால் தப்பித்தால், பௌர்ணமி அன்றைக்கு என்னை வெறுங்காலோடு மலை சுற்ற வைக்கிறேன் என்று அண்ணாமலையாரிடம் சொல்லியிருக்கிறாளாம்.

"வேண்டிக்கிட்டது நீ, நடக்கறது நானா?" என்று பஸ்ஸிலேயே கத்தினேன்.

"காலு உங்களுதுதானே. பின்ன என் காலுக்கா வேண்டிக்குவேன்?" என்றாள்.

நியாயம்தான். எங்கள் ஊரில் யாரும் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டார்கள். மலையைச் சுற்றுகிறவன் செருப்புப் போட மாட்டான். காலுக்கு வேண்டிக்கொண்டவன் காலால்தான் தீர்க்க வேண்டும். ஆனால் அதே நாள் காலையில்தான் டாக்டரம்மா சொல்லியிருந்தாள், இனிமேல் சாகிற வரைக்கும் வெறுங்காலோடு தரையை மிதிக்கக் கூடாது, வீட்டுக்குள்ளேயும் கூடாது என்று. சாமிக்கு ஒரு பேச்சு, ஆஸ்பத்திரிக்கு ஒரு பேச்சு. நடுவில் என் கால்.

அடுத்த தடவை போனபோது செருப்புக்கு அளவெடுத்தார்கள். மை தடவிய ரப்பர்ப் பாய் ஒன்று, அதன்மேல் காகிதம். அதை மிதித்து நடக்கச் சொன்னார்கள். பாரம் எங்கே ஜாஸ்தியோ அங்கே மை ஜாஸ்தியாக ஒட்டும். இடது கால் சாம்பல் நிறத்தில் விழுந்தது. வலது காலில் கட்டை விரலுக்குக் கீழே கன்னங்கரேலென்று ஒரு வட்டம். இத்தனை வருஷம் பிரேக்குக்கு எதிராக நான் நின்ற நிற்பு எல்லாம் அந்த ஒரு வட்டத்தில் இருந்தது. அந்த இடத்தில் பள்ளம் வைத்து, அதற்குப் பின்னால் கொஞ்சம் மேடு வைத்து, மெத்தென்ற கறுப்பு ரப்பரில் உள் அட்டை செய்து செருப்பில் ஒட்டிக் கொடுத்தார்கள். பின்னாலும் வார் இருந்ததால் தானாகக் கழன்று போகாது. போட்டு நடந்தேன். எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். மெத்தை வைத்தாலும் எனக்குத் தெரியப் போவதில்லை, கல் வைத்தாலும் தெரியப் போவதில்லை, என்னைக் கேட்டால் என்ன சொல்ல? நல்லா இருக்குதுங்க என்றேன்.

வீட்டுக்குள் செருப்பு என்றதும் பெரிய ரகளை. கூடத்தில் போடலாம், அடுக்களையில் கூடாது, சாமி படம் இருக்கிற பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்கக் கூடாது என்றாள். நான் அடுக்களை வாசலில் நின்று காப்பி குடிக்கிறவன். கடைசியில் இன்னொரு ஜோடி செய்து வாங்கி வந்தோம். அதற்கு மஞ்சள் குங்குமம் வைக்காத குறை. தெருவையே பார்க்காத செருப்பு என்று அதற்கு மட்டும் அடுக்களை வரை அனுமதி கிடைத்தது.

வேலைக்குச் சேர்ந்தேன், ஆனால் பஸ்ஸில் இல்லை. லைட் டூட்டி என்று பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். ஆறு மாசம் புண் வராமல் இருந்தால் வண்டி ஏறலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். அந்த ஆசையில் காலையிலும் சாயங்காலமும் என் வீட்டுக்காரி என் பாதத்தை மடியில் தூக்கி வைத்துப் பார்ப்பாள். அவள் பாதத்தை யாரும் பார்க்கவில்லை. அதற்கு என்ன வந்தது?

வேண்டுதல் மட்டும் நிலுவையில் நின்றது. பால் திரிந்தால் அதனால்தான் என்பாள். கரண்ட் போனால், பக்கத்து வீட்டு ஆடு எங்கள் முருங்கையைக் கடித்தால், எல்லாவற்றுக்கும் என் கால்தான் காரணம். நானும் நிலைகொள்ளாமல் இருந்தேன். நடந்து தொலைத்துவிடலாம் என்று ஒரு நாள் தோன்றும். கறுப்பு வட்டம் நினைவுக்கு வந்ததும் செருப்பை மாட்டிக்கொள்வேன். ஒரு நாள் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

"நீங்க செருப்பு போட்டுக்கினே வாங்க. உங்க வெறுங்காலை நான் நடந்துடறேன். அவருக்கு ஒரு ஜோடி காலு கணக்கு வரணும், அவ்ளோதானே?"

அண்ணாமலையார் இதற்கு ஒத்துக்கொள்வாரா என்று கேட்டேன். நான் பேசிக்கொள்கிறேன் என்றாள்.

கூட்டம் வேண்டாம் என்று பௌர்ணமி திதி விடிகாலையிலும் இருந்த ஒரு நாளாகப் பார்த்துக் கிளம்பினோம். வைகாசி மாசம். ராஜ கோபுரத்தின் முன்னால் கற்பூரம் ஏற்றிவிட்டு, செங்கம் ரோட்டில் திரும்பி, ரமணாசிரமத்தைத் தாண்டும்போது நன்றாக வெளுத்துவிட்டது. எனக்கு வேகம் கூடாது. அங்கங்கே உட்கார்ந்து செருப்பைக் கழற்றிப் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். வழியில் வரும் ஒவ்வொரு லிங்கத்துக்கும் அவள் உள்ளே போய் இரண்டு பேருக்குமாகக் கும்பிட்டுவிட்டு வருவாள், நான் செருப்போடு ரோட்டில் நிற்பேன். எதிரிகூட அப்படிப் பார்க்க மாட்டான், மலை சுற்றுகிறவர்கள் என் காலை அப்படிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

அடி அண்ணாமலையில் மோர் விற்ற ஒரு கிழவி கேட்டேவிட்டாள். செருப்போடு சுற்றுவதற்கு வீட்டிலேயே கிடந்திருக்கலாமே என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. காலே இல்லாமல் சுற்றுவதற்கு இது தேவலாம் என்று கத்தினேன். என் வீட்டுக்காரி என்னை அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, "அது ஆஸ்பத்திரிக் காலும்மா. அவரு கணக்கை நான் நடக்கறேன், பாரு" என்று தன் பாதத்தைத் தூக்கிக் காட்டினாள். கிழவி அவளுக்கு மோரில் உப்பு அதிகம் போட்டுக் கொடுத்தாள், எனக்கு ஒன்றும் தரவில்லை.

என்னால்தான் தாமதம். அதற்கப்புறம் வெயில் ஏறிவிட்டது. தார் ரோடு பளபளக்க ஆரம்பித்தது. கூட வந்தவர்கள் எல்லாம் ஓரத்து மண்ணுக்கும் மர நிழலுக்கும் தாவித் தாவிப் போனார்கள். ஒரு பெரியவர் துண்டைக் கிழித்துக் காலில் சுற்றிக்கொண்டார். என் வீட்டுக்காரி ரோட்டின் நடுவில், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, ஒரே சீராக நடந்தாள். நான் ஓரமாக வரச் சொன்னேன். "எனக்குச் சுடவே இல்லைங்க. நான் சொல்லலை? அவரு பாத்துக்கறாரு" என்றாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்கு அவளை நினைத்துப் பெருமையாக இருந்தது. என் காலுக்காக நெருப்பில் நடக்கிறாள். அவள் பக்கம் என் நிழலாவது விழட்டும் என்று அந்தப் பக்கமாகவே நடந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் வழக்கப்படி என் காலைத்தான் முதலில் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அடுத்த மாசமே வண்டி ஏறிவிடலாம் என்று எனக்கும் கால் பரபரத்தது. எழுந்து அடுக்களைக்குப் போய் அடுப்பில் உலை வைத்தாள். அவள் போன வழியில், கூடத்துத் தரையில், திட்டுத் திட்டாக ஈரம்.

காலைக் கழுவவில்லையா என்று கேட்டேன். கழுவித் துடைத்தாச்சே என்றாள். எழுந்து போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்து என் நாற்காலியில் உட்கார வைத்தேன். அவள் பாதத்தைத் தூக்கி என் மடியில் வைத்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவை. ஆம்பளை காலைப் பிடிப்பதாவது என்று உதறினாள். பாதம் பூராவும் கொப்புளம். இரண்டு மூன்று உடைந்து தோல் வழன்றிருந்தது, உள்ளே தார்ப்பொடி. நடுப்பாதத்தில் ஒரு சின்னக் கல் பதிந்தே இருந்தது. கல்லை எடுத்தேன். அவள் என் தோளுக்கு மேலே அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்கலையா உனக்கு?"

"எதுக்கு வலிக்கணும்? நடக்கசொல்ல மெத்துமெத்துனு இருந்துச்சு. அவரு பூ விரிச்சு வெச்சிருக்காருன்னு நெனச்சிக்கினேன்."

அந்த மெத்துமெத்து எனக்குத் தெரியும். ஒற்றைச் செருப்போடு அவள் வந்து நின்ற நாளும், என் இலையிலிருந்து போன ஜாங்கிரியும் ஒன்றாக வந்து நெஞ்சில் நின்றன. மூலையில் இருந்த துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவினேன். கண்ணை மூடிக்கொள், தொட்டதும் ஆமாம் என்று சொல் என்றேன். ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே மூடிக்கொண்டாள். கட்டை விரலில் வைத்து அழுத்தினேன். ஈர்க்கு வளைந்தது. சுண்டு விரலில், குதிகாலில், விரல்களுக்குக் கீழே, எல்லா இடத்திலும் வளைந்தது. இன்னொரு காலிலும் வைத்தேன். மறுபடியும் கட்டை விரலிலிருந்து ஆரம்பித்தேன்.

"எப்பங்க தொடுவீங்க?" என்றாள், கண்ணைத் திறக்காமல். "சீக்கிரம் தொடுங்க, எனக்கு உலை கொதிக்குது."